கோல்ஃப் கிளப்பின் நீளம்: ஷாஃப்ட்டை எவ்வளவில் நிறுத்துவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளப் வாங்க வருகிறவர்கள் லாஃப்ட் (அடிக்கும் முகத்தின் சாய்வு) எத்தனை, ஃப்ளெக்ஸ் (தண்டான ஷாஃப்ட் வளையும் தன்மை) என்ன, எந்த பிராண்ட் நல்லது என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்பார்கள். நீளத்தைப் பற்றிக் கேட்கிறவர்கள் குறைவு. கேட்கிறவர்களிலும் பாதிப்பேர் "நான் உயரம், அதனால் நீளமான கிளப்தானே?" என்று பதிலையும் சேர்த்தே கொண்டுவருகிறார்கள். ஃபிட்டிங்கில், அதாவது கிளப்பை ஆளுக்கேற்ப அமைப்பதில், நீளம்தான் முதலில் முடிவாக வேண்டியது என்பது என் கருத்து. அது மாறினால் எடை, லை ஆங்கிள் (ஷாஃப்ட்டுக்கும் தரைக்கும் இடையே உள்ள கோணம்), ஷாஃப்ட்டின் விறைப்பு என்று மற்ற எல்லாமே மாறிவிடும். வலது கை ஆட்டக்காரரை மனதில் வைத்தே பதில்களை எழுதியிருக்கிறேன். இடது கைக்காரர்கள் திசையை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

ஷாஃப்ட் நீளம், கிளப் நீளம் இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. கடையில் தனியாக வாங்கும் ஷாஃப்ட்டுக்கு ஒரு நீளம் இருக்கும். அதை ஹெட்டில் (பந்தை அடிக்கும் தலைப்பகுதியில்) செருகி, வெட்டி, க்ரிப் (கைப்பிடி) போட்டு முடித்தபின் வருவது கிளப்பின் நீளம். "45 அங்குல டிரைவர்" (டிரைவர் என்பது தொலைதூர அடிக்கான நீண்ட கிளப்) என்று சொல்லும்போது இந்த இரண்டாவது அளவைத்தான் சொல்கிறோம். இந்தப் பக்கத்தில் நீளம் என்று வருகிற இடமெல்லாம் முடித்த கிளப்பின் நீளமே.

அதை எப்படி அளப்பது?

கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ, யுஎஸ்ஜிஏ அமைப்புகள் இரண்டும் ஒரே முறையைத்தான் வைத்திருக்கின்றன. கிளப்பைச் சமதளத்தில் கிடத்தி, அதன் அடிப்பாகம் 60 டிகிரி சாய்ந்த ஒரு தளத்தில் படும்படி வைக்க வேண்டும். அந்தச் சாய்தளமும் சமதளமும் சந்திக்கும் இடத்திலிருந்து க்ரிப்பின் உச்சிவரை உள்ள தூரமே நீளம். பந்தைக் குழிக்கு உருட்டும் பட்டருக்கு மட்டும் கணக்கு வேறு. க்ரிப்பின் உச்சியிலிருந்து ஷாஃப்ட்டின் போக்கிலேயே அடிப்பாகம்வரை அளக்க வேண்டும்.

வீட்டில் 60 டிகிரிப் பலகை இருக்காது. பந்தை அடிக்க நிற்கும்போது கிளப் எப்படிச் சாய்ந்திருக்குமோ அப்படியே தரையில் வைத்து, ஹீலுக்கு (ஹெட்டில் ஷாஃப்ட் சேரும் பக்கம்) பின்னால் தரையைத் தொடும்படி நீண்ட அளவுகோலை ஷாஃப்ட்டோடு ஒட்டிப் பிடித்து, க்ரிப்பின் விளிம்புவரை பாருங்கள். ஒருவர் க்ரிப்பின் மூடியைச் சேர்த்து அளப்பார், இன்னொருவர் சேர்க்க மாட்டார். அதனால்தான் ஒரே கிளப் இரண்டு இடங்களில் இரண்டு நீளம் காட்டுகிறது. எந்த முறையை எடுத்தாலும் பரவாயில்லை, செட்டில் உள்ள எல்லாக் கிளப்புகளையும் அதே முறையில் அளந்தால் போதும்.

"ஸ்டாண்டர்ட்" நீளம் என்கிறார்களே, அது யார் வைத்தது?

யாரும் வைக்கவில்லை. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனக்கென ஒன்றை வைத்திருக்கிறார். இன்று கடையில் கிடைக்கும் ஆண்கள் டிரைவர் பெரும்பாலும் 45.5 அங்குலத்தை ஒட்டி இருக்கும். தொலைதூர அடிக்கான 3 வுட் 43, ஸ்டீல் ஷாஃப்ட் போட்ட, நடுத்தூரத்துக்கான 7 அயர்ன் 37, கிட்டத்து அடிக்கான வெட்ஜ் 35 முதல் 35.5 வரை என்பது ஒரு பொதுக் கணக்கு. கிராஃபைட் ஷாஃப்ட் அயர்ன்கள் பல செட்டுகளில் அரை அங்குலம் கூடுதலாக வரும். பெண்கள் செட் ஏறத்தாழ ஓர் அங்குலம் குறைவு.

டிரைவர் எப்போதும் இவ்வளவு நீளமாக இருந்ததில்லை. மர ஹெட்டும் ஸ்டீல் ஷாஃப்ட்டும் இருந்த காலத்தில் 43 அங்குலம்தான் வழக்கம். 2000-இல் டைகர் வுட்ஸ் எல்லோரையும் தோற்கடித்துக்கொண்டிருந்தபோது அவர் கையில் இருந்தது 43.5 அங்குல ஸ்டீல் ஷாஃப்ட் டிரைவர். கிராஃபைட்டும் டைட்டேனியமும் வந்து எடை குறைந்ததும் நீளத்தைக் கூட்ட இடம் கிடைத்தது. கூடுதல் தூரம் என்று சொன்னால் விற்பனையும் ஆகிறது. அந்த 45.5 உங்கள் உடம்பைப் பார்த்துப் போட்ட எண் இல்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆறடிக்கு மேல். நீளமான கிளப் வேண்டும்தானே?

வேண்டியிருக்கலாம், ஆனால் உயரத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கிளப்பைப் பிடிப்பது கை. கைக்கும் தரைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்பதுதான் கேள்வி. ஒரே உயரமுள்ள இரண்டு பேரை அருகருகே நிறுத்திப் பாருங்கள். ஒருவருக்குக் கை நீண்டு மணிக்கட்டு தொடைவரை இறங்கியிருக்கும், இன்னொருவருக்கு அது இடுப்பருகே நின்றுவிடும். இருவருக்கும் ஒரே நீளம் பொருந்தாது. ஆறடி இரண்டங்குலம் இருந்து, கையும் நீளமாக இருக்கிறவருக்கு ஸ்டாண்டர்ட் அயர்னே கச்சிதமாக அமைவதுண்டு.

அதனால் ஃபிட்டர்கள் முதலில் எடுப்பது மணிக்கட்டிலிருந்து தரைவரை உள்ள அளவு. ஆடும்போது போடும் ஷூவையோ, அதே உயரமுள்ள தட்டையான செருப்பையோ போட்டு நிமிர்ந்து நில்லுங்கள். இரண்டு கையும் தளர்ந்து தொங்க வேண்டும், தோளைத் தூக்கக் கூடாது. உள்ளங்கை முடிந்து மணிக்கட்டு தொடங்கும் மடிப்புக்கோட்டிலிருந்து தரைவரை வேறொருவர் அளக்க வேண்டும். நீங்களே குனிந்து அளந்தால் தோள் இறங்கிவிடும், அளவு தப்பிவிடும்.

இந்த அளவு 34, 35 அங்குலத்தை ஒட்டி இருப்பவர்கள் பெரும்பாலான அட்டவணைகளில் ஸ்டாண்டர்ட் அயர்ன் பக்கம் வருவார்கள். 37-ஐத் தாண்டினால் அரை அங்குலம் கூட்டச் சொல்வார்கள், 32-க்குக் கீழே போனால் குறைக்கச் சொல்வார்கள். அட்டவணைக்கு அட்டவணை கொஞ்சம் மாறும். பிங் நிறுவனம் உயரத்தையும் இந்த மணிக்கட்டு அளவையும் சேர்த்து வைத்து, எந்த லை ஆங்கிள் பொருந்தும் என்பதை நிறப் புள்ளியால் குறிக்கும் அட்டவணையைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவருகிறது.

மணிக்கட்டு அளவு எடுத்தாயிற்று. அதன்படியே வெட்டிவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். அந்த அளவு நீங்கள் அசையாமல் நிற்கும்போது எடுத்தது. அடிக்கும்போது முதுகு எவ்வளவு குனிகிறது, முழங்கால் எவ்வளவு மடிகிறது, கை உடம்பை ஒட்டி வருகிறதா விலகி வருகிறதா, கீழே வரும்போது எழும்பி நிற்கிறீர்களா என்பதெல்லாம் அதில் இல்லை. உங்கள் ஆட்டப் பழக்கமும் அதில் இல்லை. பத்து வருடம் ஆடியவர் சமாளிக்கும் நீளத்தைப் புதிதாக ஆட வந்தவரால் சமாளிக்க முடியாது. அட்டவணை சொல்லும் எண்ணிலிருந்து தேடத் தொடங்கலாம், அவ்வளவுதான்.

தீர்ப்புச் சொல்வது கிளப் ஃபேஸ், அதாவது பந்தை அடிக்கும் முகம். பந்து ஃபேஸில் எங்கே படுகிறது என்று பார்த்தால் நீளம் சரியா இல்லையா என்பது தெரிந்துவிடும். பாதத்துக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரேயை டிரைவர் ஃபேஸில் மெல்லியதாக அடியுங்கள். ஒரு பந்து அடித்ததும் வெள்ளைப் பூச்சில் வட்டமாக ஒரு தடம் விழும், பந்தின் குழிகள்கூட அதில் தெரியும். துடைக்காமல் அடுத்ததையும் அடியுங்கள். பத்துப் பந்து முடிந்ததும் ஃபேஸைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள்.

தடங்கள் எல்லாம் ஒரு நாணய அளவுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தால், அது நடுவிலிருந்து சற்றுத் தள்ளியிருந்தாலும் பரவாயில்லை, அந்த நீளம் உங்கள் கைக்கு அடங்குகிறது. நிற்கும் இடத்தை மாற்றியோ டீ (பந்தை ஏற்றி வைக்கும் குச்சி) உயரத்தை மாற்றியோ கூட்டத்தை நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம். ஒன்று ஹீலில், ஒன்று டோவில் (ஹீலுக்கு எதிர்முனையில்), ஒன்று மேலே என்று ஃபேஸ் முழுக்கச் சிதறியிருந்தால் நீளம் அதிகம் என்று சந்தேகப்படுங்கள். எல்லாமே ஹீல் பக்கம் ஒதுங்கியிருந்தாலும் அதே சந்தேகம்தான். அயர்னில் டோ பக்கமே விழுவதும், பந்தின் உச்சந்தலையைத் தட்டுவதும் தொடர்ந்தால் கிளப் குட்டையாக இருக்கலாம். ஸ்விங்கில் உள்ள கோளாறும் இதே தடங்களைக் காட்டும். அதனால் ஒரே நீளத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். க்ரிப்பில் ஓர் அங்குலம் கீழே இறக்கிப் பிடித்து இன்னொரு பத்துப் பந்து அடியுங்கள். தடங்கள் நெருங்கினால் காரணம் நீளம்தான். கொஞ்சமும் மாறவில்லை என்றால் கிளப்பை விட்டுவிட்டு ஸ்விங்கைக் கவனியுங்கள்.

நான் வைத்திருக்கும் விதி ஒன்றே. ஃபேஸின் நடுவில் திரும்பத் திரும்ப அடிக்க முடிகிற நீளங்களில் எது அதிகமோ அதுதான் உங்கள் நீளம். ஃபிட்டிங்குக்கு வருகிற சராசரி ஆட்டக்காரருக்கு டிரைவரில் அந்த விடை, கையில் வைத்திருப்பதைவிடக் குறைவாகவே வருகிறது.

நீளம் கூடினால் தூரம் கூடும் என்பது பொய்யா?

பொய் இல்லை, பாதி உண்மை. வட்டம் பெரிதானால் ஹெட் வேகமாகச் சுற்றும். ஓர் அங்குலம் கூட்டினால் மணிக்கு ஒன்றிரண்டு மைல் வேகம் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் பந்து எவ்வளவு வேகமாகக் கிளம்புகிறது என்பது ஹெட் வேகத்தோடு, எவ்வளவு நடுவில் பட்டது என்பதையும் பொறுத்தது. இந்த இரண்டாவதை ஸ்மாஷ் ஃபேக்டர் என்கிறோம். பந்தின் வேகத்தை ஹெட்டின் வேகத்தால் வகுத்தால் வரும் எண் அது. டிரைவரில் மிக நன்றாக அடித்தால் 1.5-ஐத் தொடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 44.5 அங்குல டிரைவரில் ஒருவர் மணிக்கு 95 மைல் வேகத்தில் சுற்றி 1.48 எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பந்தின் வேகம் ஏறத்தாழ 140.6 மைல். அதே ஆள் 45.5 அங்குலத்தில் 97 மைல் சுற்றுகிறார், ஆனால் பந்து நடுவை விட்டு விலகிப் பட்டு 1.42 வருகிறது. பந்தின் வேகம் 137.7 மைல். வேகமாகச் சுற்றியும் பந்து மெதுவாகத்தான் போகிறது. ஒரு மைல் வேகத்துக்குச் சுமார் இரண்டு கெஜம் என்று வைத்தால் ஐந்தாறு கெஜம் நஷ்டம். ஹீலில் பட்டால் பந்து வலதுபுறம் வளையும், டோவில் பட்டால் இடதுபுறம் வளையும். தூரத்தோடு திசையும் போய்விடும்.

நீளமான டிரைவரால் பயன் பெற்றவர்களும் இருக்கிறார்கள். 2021-இல் கியாவா ஐலண்டில் ஃபில் மிக்கெல்சன் பிஜிஏ சாம்பியன்ஷிப்பை வென்றபோது 47.9 அங்குல டிரைவர் வைத்திருந்தார். அப்போது அவருக்கு வயது 50, மேஜர் எனப்படும் பெரிய போட்டிகளை வென்றவர்களிலேயே மூத்தவர். நடுவில் அடிக்கும் திறமையைப் பல பத்தாண்டுகளாகச் சம்பாதித்து வைத்திருந்ததால் அவரால் அந்த நீளத்தை ஆள முடிந்தது. ரிக்கி ஃபௌலரோ நேர் எதிராக 2017-இல் டிரைவரை 43.5 அங்குலத்துக்குக் குறைத்து ஆடினார். டூரில் (தொழில்முறைப் போட்டிகளில்) ஆடுகிறவர்களில் பலர் கடையில் விற்பதைவிடக் குட்டையான டிரைவரையே பையில் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கே அது தேவைப்படுகிறது என்றால், வாரத்துக்கு ஒருமுறை ஆடுகிறவருக்கு எவ்வளவு தேவைப்படும்!

விதிமுறையில் எல்லை உண்டா?

உண்டு. குறைந்தது 18 அங்குலம் இருக்க வேண்டும். பட்டர் தவிர மற்ற எந்தக் கிளப்பும் 48 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. 2022 ஜனவரி முதல், உயர்மட்டப் போட்டிகளை நடத்துகிறவர்கள் விரும்பினால் இந்த எல்லையை 46 ஆகக் குறைத்துக்கொள்ளலாம் என்று மாதிரி உள்ளூர் விதி ஒன்று வந்தது. பிஜிஏ டூர் அதை ஏற்றுக்கொண்டது. சாதாரண ஆட்டத்துக்கு 48 அப்படியே இருக்கிறது.

அரை அங்குலம் வெட்டினால் நீளம் மட்டும்தானே மாறும்?

இல்லை. இதைக் கவனிக்காததால்தான் பலர் "வெட்டிப் பார்த்தேன், ஒத்துவரவில்லை" என்று சொல்கிறார்கள். வெட்டினால் நான்கு விஷயங்கள் சேர்ந்து மாறும்.

முதலில் ஸ்விங் வெயிட். கிளப்பைச் சுற்றும்போது ஹெட் எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்பதன் அளவு அது. க்ரிப் முனையிலிருந்து 14 அங்குலத்தில் தாங்கியை வைத்துத் தராசுபோல் பார்த்து டி0, டி2 என்று எழுத்தும் எண்ணுமாகச் சொல்வார்கள். அரை அங்குலம் குறைத்தால் சுமார் மூன்று புள்ளி இறங்கும், டி3 இருந்தது டி0 ஆகிவிடும். ஹெட் இருப்பதே தெரியாததுபோல் லேசாகிவிடும், கை அவசரப்படும், தாளம் கெடும். ஒரு புள்ளியை மீட்க ஹெட்டில் ஏறத்தாழ 2 கிராம் சேர்க்க வேண்டும். அப்படியென்றால் அரை அங்குலத்துக்கு 6 கிராம், ஓர் அங்குலத்துக்கு 12 கிராம். ஸ்க்ரூ எடையை மாற்றலாம், ஈய டேப் ஒட்டலாம், ஹெட்டுக்குள் பசை ஏற்றலாம். டிரைவர் ஹெட்டே 200 கிராமை ஒட்டித்தான் இருக்கும், அதில் 12 கிராம் என்பது சிறிய மாற்றம் இல்லை. கடைசிக் கிராம்வரை பழைய எண்ணுக்கே திரும்ப வேண்டும் என்பதும் இல்லை. சிலருக்கு டி0-வே பிடித்துப்போகும். ஆனால் எதையும் சேர்க்காமல் வெட்டிவிட்டு, குட்டைக் கிளப் எனக்கு ஆகாது என்று முடிவுகட்டாதீர்கள்.

இரண்டாவது விறைப்பு. க்ரிப் பக்கம் வெட்டினால் ஷாஃப்ட் கொஞ்சம் விறைப்பாகும், நீட்டினால் கொஞ்சம் தளரும். அரை அங்குலத்தில் பலருக்கு இது தெரியாது, ஓர் அங்குலத்தைத் தாண்டினால் தெரியும். மூன்றாவது லை ஆங்கிள், அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது. நான்காவது மொத்த எடை. அதில் சில கிராம்தான் போகும், கவலைப்பட வேண்டியதில்லை.

லை ஆங்கிளுக்கும் நீளத்துக்கும் என்ன தொடர்பு?

அயர்ன் செட்டில் இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது. கிளப் நீண்டால் கை உயர்கிறது, டோ தரையிலிருந்து மேலே எழுகிறது. அரை அங்குலத்துக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி நிமிர்ந்ததுபோல் ஆகும். டோ எழும்பினால் ஃபேஸ் இடதுபுறம் பார்க்கும், நேராக அடித்தாலும் பந்து இடதுபுறம் கிளம்பும். குட்டையானால் ஹீல் எழும்பும், பந்து வலதுபுறம் போகும். லாஃப்ட் கூடக்கூட இந்தத் தவறு பெரிதாகும். அதனால் இது வெட்ஜில் பளிச்சென்று தெரியும், டிரைவரில் அவ்வளவாகத் தெரியாது.

சோதிப்பது எளிது. பந்தின்மேல் மார்க்கரால் தடிமனாக ஒரு நேர்க்கோடு போட்டு, அது ஃபேஸைப் பார்க்கும்படி செங்குத்தாக வைத்து அடியுங்கள். கோடு ஃபேஸில் பதியும். அது ஃபேஸில் குறுக்கே செதுக்கியிருக்கும் கோடுகளுக்குச் செங்குத்தாக நின்றால் லை சரி. மேல்முனை டோ பக்கம் சாய்ந்திருந்தால் அடிக்கும் கணத்தில் டோ எழும்பியிருக்கிறது, ஹீல் பக்கம் சாய்ந்திருந்தால் ஹீல் எழும்பியிருக்கிறது. முதலில் நீளத்தை முடிவுசெய்துவிட்டுத்தான் இந்தச் சோதனைக்கு வர வேண்டும். லையை வளைத்துச் சரிசெய்தபின் நீளத்தை மாற்றினால் செய்த வேலை வீண்.

வெட்டாமல், கீழே இறக்கிப் பிடித்து ஆடினால் போதாதா?

சோதனைக்கு இதைவிட நல்ல வழி இல்லை, செலவும் இல்லை. க்ரிப்பில் ஒரு டேப்பைச் சுற்றி அடையாளம் வைத்து, சில வாரம் அங்கேயே பிடித்து ஆடுங்கள். ஹெட்டின் பின்புறம் கொஞ்சம் ஈய டேப் ஒட்டிக்கொண்டால் வெட்டிய கிளப்பின் உணர்வுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும்.

நிரந்தரமாக அப்படியே ஆடுகிறவர்களும் உண்டு, அதில் தவறில்லை. ஆனால் க்ரிப் கீழே போகப்போக மெல்லியதாகிறது, கைக்கு மேலே நீண்டிருக்கும் முனை சிலருக்கு முன்கையிலோ உடையிலோ இடிக்கும். அது தொந்தரவு செய்தால் வெட்டிவிடுவதே நல்லது.

குட்டையாக இருக்கும் கிளப்பை நீட்ட முடியுமா?

முடியும். க்ரிப்பைக் கழற்றி, ஷாஃப்ட்டின் மேல்முனைக்குள் எக்ஸ்டென்ஷன் என்ற துண்டை எபாக்ஸி பசை போட்டுச் செருகி, தேவையான நீளத்துக்கு வெட்டிப் புது க்ரிப் போடுவார்கள். ஓர் அங்குலத்துக்குள் நிறுத்துவது நல்லது. அதற்குமேல் போனால் கையின் பிடி முழுவதும் ஒட்டுத்துண்டின்மேல் வரும், ஷாஃப்ட்டும் அதிகம் தளரும். அதற்குமேல் வேண்டியவர் நீளமான புது ஷாஃப்ட் போட்டுக்கொள்வதே சரி. ஸ்டீலுக்கும் கிராஃபைட்டுக்கும் ஏற்ற துண்டுகள் தனித்தனியாகக் கிடைக்கின்றன, மாற்றிப் போடக் கூடாது.

அயர்ன்களுக்கு இடையே அரை அங்குல இடைவெளி ஏன்? எல்லாம் ஒரே நீளத்தில் இருக்கக் கூடாதா?

5 அயர்ன் 38 என்றால் 6 அயர்ன் 37.5, 7 அயர்ன் 37 என்று இறங்கிவரும். நீளம் அரை அங்குலம் குறையும்போது ஹெட்டின் எடை சுமார் 7 கிராம் கூடும், அதனால் ஸ்விங் வெயிட் செட் முழுக்க ஒரே மாதிரி இருக்கும். தூரம் படிப்படியாக மாற இந்த நீளப் படி உதவுகிறது.

எல்லாவற்றையும் ஒரே நீளத்தில் வைத்து ஆடுகிறவர்களில் பெயர்பெற்றவர் பிரைசன் டிஷாம்போ. அவருடைய அயர்ன்கள் எல்லாம் 37.5 அங்குலம், மேலே சொன்ன கணக்கில் 6 அயர்னின் அளவு. அந்தச் செட்டோடு 2015-இல் யுஎஸ் அமெச்சூர் பட்டத்தையும் 2020-இல் யுஎஸ் ஓப்பனையும் வென்றார். கோப்ரா நிறுவனம் இந்த முறையில் செட் தயாரித்து விற்றது. ஒரே நிற்கும் நிலை, ஒரே பந்து இடம், ஒரே ஸ்விங் என்பது பெரிய வசதி. ஆனால் வழக்கத்தைவிடக் குட்டையான 4, 5 அயர்னில் பந்து போதிய உயரம் எழும்பாது, நீளமான வெட்ஜில் அது வேண்டியதைவிட மேலே போகும். மெதுவாகச் சுற்றுகிறவர்களுக்கு முதல் சிக்கல் பெரிது. அவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

பெண்களுக்கும் மூத்தவர்களுக்கும் தனி நீளமா?

பெட்டியின்மேல் எழுதியிருக்கும் பெயரைப் பார்க்காதீர்கள். உயரமான பெண்ணுக்கு ஆண்கள் செட் நீளம் பொருந்தலாம், குட்டையான ஆணுக்குப் பெண்கள் செட் நீளம் பொருந்தலாம். மணிக்கட்டு அளவும் ஃபேஸ் தடமும் எல்லோருக்கும் ஒன்றுதான். பெண்கள் செட்டில் ஷாஃப்ட் லேசாகவும் தளர்வாகவும் இருக்கும் என்பதால் அந்த இரண்டையும் தனியாகப் பாருங்கள். வயதாகும்போது முதுகு குனிய மறுத்தால் அயர்னை அரை அங்குலம் நீட்டுவது சிலருக்கு வலியைக் குறைக்கும். அங்கே நீளத்தை முடிவுசெய்ய உடம்பின் வசதியே போதுமான காரணம்.

பிள்ளைக்கு என் பழைய கிளப்பை வெட்டிக் கொடுக்கலாமா?

கூடாது என்றே சொல்வேன். ஆறங்குலம் வெட்டினால் நீளம் பொருந்தும், ஆனால் ஹெட் பெரியவர்களுடையது, ஷாஃப்ட் இரும்புக் கம்பிபோல் விறைத்துவிடும், க்ரிப் பிஞ்சுக் கைக்குத் தடிமன். பிள்ளை அதைத் தூக்கவே இடுப்பை வளைத்து மல்லாடும், அந்த ஸ்விங் பழகிவிட்டால் மாற்றுவது பெரும்பாடு. சிறுவர்களுக்கென்றே லேசான ஹெட்டும் மெல்லிய ஷாஃப்ட்டுமாகச் செய்த செட்டுகள் இருக்கின்றன. யுஎஸ் கிட்ஸ் கோல்ஃப் செட்டுகள் பிள்ளையின் உயரத்தில் மூன்றங்குலத்துக்கு ஓர் அளவாக வருகின்றன. வளர்ந்தபின் பொருந்தட்டும் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்காதீர்கள். க்ரிப்பில் சற்று இறக்கிப் பிடித்தால் சமாளிக்கக்கூடிய அளவுக்குமேல் போக வேண்டாம்.

பட்டரின் நீளத்தை எப்படி முடிவுசெய்வது?

33, 34, 35 அங்குலம்தான் கடையில் அதிகம் கிடைப்பவை. பட்டரில் வேகம் ஒரு பொருட்டே இல்லை. கண்ணும் கையும் எங்கே நிற்கின்றன என்பதே எல்லாம். பட்டர் இல்லாமல் குனிந்து நின்று கைகளைத் தோளிலிருந்து தளர்வாகத் தொங்கவிடுங்கள். உள்ளங்கைகள் சேரும் இடத்தில் க்ரிப் வந்து நிற்க வேண்டும். இப்போது மூக்கின் மேல்பகுதியிலிருந்து ஒரு பந்தைக் கீழே விடுங்கள். அது தரையில் உள்ள பந்தின்மேலோ, அதற்குச் சற்று உட்புறமாகவோ விழுந்தால் நல்லது. பட்டர் நீளமாக இருந்தால் நீங்கள் நிமிர்ந்து பின்வாங்குவீர்கள், கண் பந்துக்கு வெகு உள்ளே போய்விடும். குட்டையாக இருந்தால் முதுகு வளையும், கண் பந்தைத் தாண்டி வெளியே போகும். 35 அங்குலப் பட்டரை வாங்கி, முழங்கையை மடக்கி இடுப்போடு இறுக்கிக்கொண்டு ஆடுகிறவர்கள் ஏராளம். அவர்களில் பலருக்கு ஓர் அங்குலம் குறைத்தால் தோள் தானாகத் தளர்ந்துவிடுகிறது. வெட்டினால் இங்கும் ஹெட் லேசாகும், எடை சேர்க்க மறக்காதீர்கள்.

நீண்ட பட்டர்களுக்குத் தடை இல்லை. 2011-இல் கீகன் பிராட்லி வயிற்றில் ஊன்றும் பட்டரோடு பிஜிஏ சாம்பியன்ஷிப்பையும், 2013-இல் ஆடம் ஸ்காட் நெஞ்சளவு நீண்ட பட்டரோடு மாஸ்டர்ஸையும் வென்றார்கள். 2016 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது பட்டரை உடம்பில் ஊன்றி அடிப்பது மட்டும்தான்.

ஃபிட்டிங்குக்குப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஆடும் ஷூவையும் இப்போதைய கிளப்புகளையும் எடுத்துச் செல்லுங்கள். உடம்பு சூடாகும்வரை அடித்துவிட்டுத்தான் அளக்கச் சொல்லுங்கள். நீளத்தை ஒப்பிடும்போது ஹெட்டும் ஷாஃப்ட் மாடலும் ஒன்றாக இருக்கட்டும், இல்லையென்றால் வித்தியாசம் எதனால் வந்தது என்று தெரியாது. பந்தின் வேகத்தையும் தூரத்தையும் அளக்கும் லாஞ்ச் மானிட்டரில் அதிக தூரம் போன ஒரே பந்தைக் காட்டி யாராவது விற்கப் பார்த்தால் மயங்காதீர்கள். பத்துப் பந்தின் சராசரி என்ன, அவை எவ்வளவு அகலத்துக்குச் சிதறின என்று கேளுங்கள். முடிவான நீளத்தை எந்த முறையில் அளந்தார்கள் என்பதோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நானே வெட்டலாமா?

கைவேலை தெரிந்தவர் தாராளமாக வெட்டலாம். க்ரிப் பக்கம் மட்டுமே வெட்டுங்கள். கீழ்முனையை வெட்டினால் ஷாஃப்ட்டின் குணமே மாறிவிடும். ஸ்டீலுக்குக் குழாய் வெட்டும் கருவி போதும். கிராஃபைட்டை அப்படி நசுக்கக் கூடாது, வெட்டும் இடத்தில் மாஸ்கிங் டேப்பை இறுக்கிச் சுற்றி, நுண்பல் ரம்பத்தால் மெதுவாகச் சுழற்றிச் சுழற்றி அறுக்க வேண்டும். அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு, முகக்கவசம் கட்டாயம். க்ரிப்பின் மூடி சேர்க்கும் தடிமனைக் கழித்துக்கொண்டு குறியிடுங்கள். எவ்வளவு வெட்டுவது என்று தடுமாறினால் முதலில் அரை அங்குலம் மட்டும் வெட்டி ஆடிப் பாருங்கள்.

பழைய டிரைவரின் ஷாஃப்ட்டைப் புது ஹெட்டில் போட்டால் நீளம் அப்படியே இருக்குமா?

இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ஷாஃப்ட் ஹோசலுக்குள் (ஹெட்டில் அது செருகும் குழாய்க்குள்) எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பது ஹெட்டுக்கு ஹெட் மாறும். ஷாஃப்ட்டை ஹெட்டோடு இணைக்கும் துண்டான அடாப்டர், ஒரு நிறுவனத்தினுடையது இன்னொரு நிறுவனத்தின் ஹெட்டில் பெரும்பாலும் பொருந்தாது. அடாப்டரை மாற்றும்போதும் நீளம் கால் அங்குலம், அரை அங்குலம் கூடலாம், குறையலாம். புது ஹெட்டின் எடையும் வேறாக இருக்கும். ஒட்டுவதற்கு முன் ஷாஃப்ட்டைச் சும்மா செருகி, தரையில் வைத்து அளந்து, ஸ்விங் வெயிட்டையும் பார்த்துவிட்டு அதன்பிறகு எபாக்ஸியைக் கலக்குங்கள்.